ஒட்டும் பிடிப்பும்

(பத்தாம் ஆண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாக நம் வட்டம் கூடி வருகிறது. இக்கூட்டங்களில் சொல்லைப் பற்றிப் பேசாத நாளில்லை. ஒரு கவிதையில் ‘காற்று’ நிற்க வேண்டுமா, ‘வளி’ நிற்க வேண்டுமா என்று ஒரு மாலைப்பொழுது முழுவதும் வழக்காடியிருக்கிறோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டதும் ஒரு சொல்லைப் பற்றியதே. ஆனால் அச்சொல் கவிதையில் வைக்கப்பட்டதன்று. என் தாயாரின் இடுப்பெலும்பில் வைக்கப்பட்டது.

விழாக் குழுவினர் தலைப்புக் கேட்டபோது, ‘இடுப்பு மூட்டுச் சிகிச்சையில் சிமெண்டின் பிடிப்பும் தளர்வும்’ என்றேன். ‘இது இலக்கிய வட்டம் அம்மா’ என்று செயலாளர் மெல்ல நினைவூட்டினார். அறிந்தேதான் சொன்னேன். ஒரு பொருள் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறியாமல் அதற்குப் பெயரிட்டால் என்ன நேரும் என்பதை நான் நூலகத்தில் கற்கவில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கற்றேன். கற்றதைச் சொற்களோடு வாழ்பவர்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

2006ஆம் ஆண்டு ஐப்பசி மழையில், எங்கள் வீட்டுக் கற்படிகளில் பாசி வழுக்கி என் தாயார் விழுந்தார். அப்போது அவருக்கு 60 வயது. வலக்காலை ஊன்ற இயலவில்லை. அக்கம்பக்கத்தார் புத்தூர்க் கட்டுப் போடலாம் என்றனர். கை, கால் முறிவுக்கு அக்கட்டை நாடுவது நம் மக்களின் நெடுநாள் வழக்கம். ஆனால் முறிந்தது தொடையெலும்பின் கழுத்து. இடுப்புக் கிண்ணத்தினுள் உருளும் பந்து போன்ற தலைக்கும், கீழே நீளும் தண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய பகுதி அது. அங்கே முறிந்து விலகினால் தலைக்குச் செல்லும் குருதியோட்டம் பெரும்பாலும் அறுந்துபோகிறது. கட்டி வைப்பதால் மட்டும் எலும்பு கூடுவதில்லை. ஆகவே 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, சேலத்தில் ஒரு மருத்துவமனைக்கு அவரைக் கொண்டு சென்றோம்.

‘பழைய பந்தை எடுத்துவிட்டு, உலோகத் தண்டு ஒன்றைத் தொடையெலும்பினுள் சிமெண்ட் வைத்துப் பொருத்துவோம், கிண்ணத்தையும் அவ்வாறே பொருத்துவோம்’ என்று மருத்துவர் விளக்கினார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் அப்போது முனைவர் பட்ட ஆய்வில் மூழ்கியிருந்தேன். பிறமொழிச் சொல் கலவாமல் பேசுவதில் பெருமிதம் கொண்டிருந்த பருவம். ‘சிமெண்ட்’ என்ற சொல்லை அப்படியே சொல்ல மனம் வரவில்லை. ‘எலும்புப் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள் அம்மா, பிறகு அசையாது’ என்றேன். அம்மா நிம்மதியாகக் கண்களை மூடிக்கொண்டார். அந்த ஒரு வாக்கியத்துக்கு 13 ஆண்டுகள் கழித்து விலை கொடுக்க நேர்ந்தது. கொடுத்தவர் நானல்லேன், அவர்.

அந்தச் சிமெண்ட் யாது? அறுவை அரங்குக்கு அது இரண்டு பொருள்களாக வருகிறது: ஒரு பொடி, ஒரு நீர்மம். பெரும்பாலும் 40 கிராம் பொடிக்கு 20 மில்லிலிட்டர் நீர்மம் என்பது அளவு. பொடி, பாலிமெதில்மெதாக்ரிலேட் எனப்படும் அக்ரிலிக் வகை. பொய்ப்பல் கட்டியவர்கள் அதே குடும்பத்துப் பொருளைத்தான் நாள்தோறும் வாயில் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் கலந்தால் முதலில் கூழாகும்; பிறகு கையுறையில் ஒட்டாத பிசைந்த மாவின் பதத்துக்கு வரும். அந்தப் பதத்துக்குள் அதை எலும்பினுள் செலுத்தித் தண்டையும் இறக்கியாக வேண்டும். சற்று நேரத்தில் தானே சூடேறிக் கல்லாகிவிடும். கலக்கத் தொடங்கியதிலிருந்து இறுகுவதுவரை பத்துப் பதினைந்து நிமிடங்களே கிடைக்கும். அறையின் வெப்பம் கூடினால் அதுவும் குறையும். எக்ஸ்ரே படத்தில் தெரிவதற்காகப் பேரியம் சல்பேட்டையோ சிர்க்கோனியம் ஆக்சைடையோ அப்பொடியில் சேர்த்திருப்பார்கள்.

இனி நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. இது பசையன்று. எலும்போடு இது வேதிமுறையில் ஒட்டுவதில்லை. உலோகத்தோடு உண்டாகும் ஒட்டும் நம்பத் தக்கதன்று. இம்முறையை உலகுக்கு நிலைநாட்டிய ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி, இதைப் பசையாகக் கருதவே இல்லை. இடைவெளியை நிரப்பிப் பாரத்தைப் பரப்பும் சாந்தாகவே கருதினார். தொடையெலும்பின் உட்புறம் கடற்பஞ்சு போன்ற கண்ணறைகள் கொண்டது. குழைந்த பதத்தில் அழுத்திச் செலுத்தப்படும் சிமெண்ட் அக்கண்ணறைகளுள் சில மில்லிமீட்டர் ஆழம் நுழைந்து அங்கேயே இறுகுகிறது. இரு கைவிரல்களைக் கோத்துக்கொண்டால் ஒரு கை மற்றொன்றில் ஒட்டியிருப்பதில்லை. ஆயினும் எளிதில் பிரிக்க முடிவதில்லை. சிமெண்டின் பிடிப்பும் அத்தகையதே.

ஆகவே அறுவை மருத்துவரின் திறன் முழுவதும் அந்தக் கோப்பில் இருக்கிறது. எலும்பின் உட்குழியைக் குருதியும் கொழுப்பும் போகக் கழுவ வேண்டும். இல்லையேல் சிமெண்டுக்கும் எலும்புக்கும் இடையே குருதியே ஒரு திரையாக நின்றுவிடும். குழியின் அடியில் ஓர் அடைப்பு வைத்து, அடியிலிருந்து மேல்நோக்கி நிரப்பி, அழுத்தம் கொடுக்க வேண்டும். கலக்கும்போது காற்றுக்குமிழ்கள் தங்கினால் பின்னாளில் அங்கிருந்தே விரிசல் தொடங்கும் என்பதால், வெற்றிடத்தில் கலக்கும் முறையும் வந்தது. தண்டைச் சுற்றிலும் குறைந்தது 2 மில்லிமீட்டர் கனத்துக்குச் சிமெண்ட் அமைய வேண்டும். தொடக்க காலத்தில் விரலால் திணித்தார்கள். இன்று துப்பாக்கி போன்ற கருவியால் செலுத்துகிறார்கள். பொருள் பெரும்பாலும் அதுவே. செய்நேர்த்தி வளர்ந்ததால் ஆயுளும் வளர்ந்தது. யாப்பு அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய பிடிப்பை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். கோயில் கருவறையில் திருமேனியைப் பீடத்தில் நிறுத்துவதற்கு எண்வகை மருந்து சாத்துகிறோம். கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகியவற்றை இடித்துச் சேர்த்து, இளகிய பதத்தில் பீடத்துக்கும் திருமேனிக்கும் இடையே நிரப்புகிறார்கள். நாளடைவில் அது இறுகுகிறது. அதன் பெயரே ‘மருந்து’ என்பதைக் கவனியுங்கள். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கின்போது பழைய மருந்தைப் பார்த்து அகற்றிப் புதிது சாத்துவது மரபு. நிறுத்தியவனே அது தளரும் என்றும் அறிந்திருந்தான். தளர்வதை இழிவாகக் கருதாமல் அதற்கொரு நாளும் விழாவும் குறித்து வைத்தான்.

மேலை நாட்டிலும் முதல் முயற்சி ஏறத்தாழ இவ்வழியே நடந்தது. 1890ஆம் ஆண்டளவில் பெர்லின் நகரில் தெமிஸ்டோகிளிஸ் குளுக் என்ற மருத்துவர், யானைத் தந்தத்தில் மூட்டுகள் செய்து, பிசினும் நுரைக்கல் தூளும் கலந்த சாந்தினால் அவற்றை எலும்பில் பொருத்திப் பார்த்தார். நோய்த்தொற்றினால் அம்முயற்சி கைவிடப்பட்டது. நமக்கு அண்மையில், பர்மாவின் மாந்தளையில் சான் பா என்ற அறுவை மருத்துவர், 1960 முதல் தொடையெலும்புத் தலைக்கு மாற்றாகத் தந்தத்தையே பொருத்தினார். அவரிடம் முதலில் அதைப் பெற்றவர் 83 வயதுப் பௌத்தப் பிக்குணி ஒருவர். ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் சார்ன்லி, பல் மருத்துவர் பயன்படுத்திய அக்ரிலிக்கை இடுப்புக்குக் கொண்டுவந்தார். 1962இன் இறுதியில் அவர் வகுத்த அமைப்பு, அதாவது உலோகத் தலை, பாலிஎத்திலீன் கிண்ணம், இரண்டையும் தாங்கும் சிமெண்ட் என்பது, இன்றைய இடுப்பு மாற்றுச் சிகிச்சைக்கெல்லாம் முன்மாதிரியாயிற்று.

பிடிப்பு என்பது ஒட்டு அன்று என்பதற்கு இன்னும் வியப்பான சான்று ஒன்றுண்டு. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் ராபின் லிங் என்ற மருத்துவரும் கிளைவ் லீ என்ற பொறியாளரும் ஒரு தண்டை வடிவமைத்தனர். 1970இல் அதை முதன்முதலாகப் பொருத்தினர். கீழ்நோக்கிச் சிறுத்து, கண்ணாடி போல் மெருகேற்றிய தண்டு அது. மெருகு பெரிதில்லை என்று கருதப்பட்டு, 1976 முதல் அதே வடிவம் மங்கலான மேற்பரப்புடன் செய்யப்பட்டது. சொரசொரப்பானது நன்றாகப் பிடிக்கும் என்றுதானே நாமும் எண்ணுவோம்? மாறாக, தளர்வுகள் மிகுந்தன. 1986இல் மீண்டும் மெருகுக்கே திரும்பினர்.

காரணம் எளியது. காப்பித் தோட்டத்தில் கோடரிக்குக் காம்பு போடுபவரைக் கேட்டால் சொல்லுவார். சிறுத்துச் செல்லும் மெருகிட்ட தண்டு ஓர் ஆப்பு. உடலின் பாரம் விழ விழ அது சிமெண்டினுள் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இறங்குகிறது; இறங்கிய அளவுக்கு இறுகுகிறது. சிமெண்டோ இழுவிசைக்கு மெலிந்தது, அழுத்தத்துக்கு வலியது. ஆப்பு அதை அழுத்தத்திலேயே வைத்திருக்கிறது. சொரசொரப்பான தண்டு அசையாதவரை சரி. ஒருமுறை அசைந்துவிட்டால் அரம் போலச் சிமெண்டைத் தேய்த்துத் தூளாக்குகிறது. ஒட்டிக்கொள்ளாத தண்டு நிலைத்தது. பற்றிக்கொள்ள முயன்ற தண்டு தளர்ந்தது. ஒட்டி நிற்குமாறே வகுக்கப்பட்டு நன்றாக நிலைத்த தண்டுகளும் உண்டு; ஆனால் ஒட்டில்லாமல் பிடிப்பே இல்லை என்ற என் எண்ணத்தை எக்ஸிட்டர் தண்டு ஒன்றே பொய்யாக்கிவிட்டது.

இனித் தளர்வுக்கு வருவோம். நடக்கும்போது இடுப்பு மூட்டு உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரத்தைத் தாங்குகிறது. கால் தடுக்கித் தள்ளாடும் கணத்தில் அது ஏழெட்டு மடங்காகிறது. ஒருவர் ஓர் ஆண்டில் ஒரு காலால் ஏறத்தாழ பத்து லட்சம் அடிகள் வைக்கிறார் என்பது ஆய்வாளர்கள் கொள்ளும் கணக்கு. இத்தனை அடிகளில் சிமெண்டில் நுண்விரிசல்கள் தோன்றி வளரலாம். இது இயந்திரத் தளர்வு; யாருக்கும் எளிதில் விளங்கும்.

மற்றொரு தளர்வு எளிதில் விளங்காதது. ஒவ்வோர் அடியிலும் உலோகத் தலை கிண்ணத்தில் உரசி, கண்ணுக்குத் தெரியாத பாலிஎத்திலீன் துகள்களை உதிர்க்கிறது. பழைய வகைக் கிண்ணம் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தேயும். அளவு சிறிது, துகள்களின் எண்ணிக்கையோ பெரிது. உடலின் காவல் அணுக்கள் அவற்றை அயலார் என்று கண்டு விழுங்குகின்றன. விழுங்கியதைச் செரிக்க இயலாமல், எலும்பைக் கரைக்கும் அணுக்களைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன. விளைவு, சிமெண்டைத் தாங்கி நிற்கும் எலும்பு சிறுகச் சிறுகக் கரைகிறது. பகைவனைத் தேடும் காவலனே வீட்டுச் சுவரை இடிக்கும் கதை இது. நோய்த்தொற்றும் இவ்வாறு தளர்வை உண்டாக்கலாம். ஆகவே தளர்ந்த மூட்டைக் கண்டால் மருத்துவர்கள் முதலில் தொற்று இல்லை என்று உறுதி செய்துகொள்கிறார்கள்.

நம் மலைச்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் ஏற்காட்டுச் சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை நாம் மறக்கவில்லை. மலைச்சாலையில் ஒரு தாங்குசுவர் எப்படிச் சாய்கிறது? முன்புறம் பார்த்தால் கல்லும் சிமெண்டும் நேற்றுக் கட்டியவை போல் இருக்கும். பின்புறம் நீர் நுழைந்து மண்ணை அரித்துச் சென்றிருக்கும். சுவர் சாய்வது கடைசி நாளில். அரிப்பு தொடங்கியது பல மழைக்கு முன்னால். சுவரின் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. சுவரை மட்டும் பார்த்துச் சென்றவர் கண்ணில்தான் குற்றம்.

மருத்துவ உலகமும் ஒருமுறை இவ்வாறு சுவரின் மேல் குற்றம் சொன்னது. எலும்பு கரைவதைக் கண்டவர்கள், சிமெண்டே காரணம் என்று கருதினர். ‘சிமெண்ட் நோய்’ என்ற பெயரே 1987இல் ஒரு மருத்துவக் கட்டுரையின் தலைப்பாயிற்று. அப்பெயர் நிலவிய காலத்தில், சிமெண்ட் இல்லாமல், எலும்பே வளர்ந்து பற்றிக்கொள்ளும் மூட்டுகளைப் பலர் நாடினர். சில ஆண்டுகளில் அவற்றைச் சுற்றியும் எலும்பு கரைவது தெரிந்தது. அங்கே சிமெண்டே இல்லை! குற்றவாளி துகள் என்று அப்போதுதான் தெளிவாயிற்று. ‘துகள் நோய்’ என்று பெயரும் மாறியது. ஒரு பிழைப்பெயர், அறிஞர்களையே தவறான திசையில் நடக்கச் செய்தது என்பதை எண்ணும்போது, என் பிழை எனக்குச் சற்றே பொறுத்துக்கொள்ளத் தக்கதாகத் தோன்றுகிறது. சற்றே.

சார்ன்லி இவ்வகையில் போற்றத்தக்கவர். அவர் முதலில் பயன்படுத்திய கிண்ணம் டெஃப்லான். ஏறத்தாழ 300 நோயாளிகளுக்குப் பொருத்திய பின், சில ஆண்டுகளிலேயே அது தேய்ந்து, சுற்றியுள்ள திசுக்களைப் புண்ணாக்குவது தெரிந்தது. அவர் அதை மறைக்கவில்லை. டெஃப்லானையும், மாற்றாக எண்ணிய பாலிஎத்திலீனையும் தம் தொடையிலேயே புகுத்தி, எது தம் உடலைத் துன்புறுத்துகிறது என்று பார்த்தார். தாம் பொருத்திய மூட்டுகளை நோயாளிகளின் மறைவுக்குப் பின் எடுத்து ஆராய அவர்களிடமே இசைவும் பெற்றார். பொருத்தியதோடு பணி முடிந்தது என்று அவர் எண்ணவில்லை.

இன்று துகளைக் குறைக்கும் வழிகள் பல. 1990களின் இறுதியில் வந்த, கதிரியக்கத்தால் வலுவூட்டிய பாலிஎத்திலீன் மிகக் குறைவாகவே தேய்கிறது. பிரான்சு நாட்டில் பியர் பூத்தான் 1970இல் அலுமினாப் பீங்கானில் மூட்டுச் செய்தார். பீங்கான் தலைகள் இன்று பரவலாகிவிட்டன. அலுமினா என்றதும் நமக்கு ஒரு நினைவு வரவேண்டும். இச்சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட், மேட்டூரில் இயங்கிய அலுமினிய ஆலைக்குச் சென்று முதலில் அலுமினா ஆயிற்று. அந்தப் பொடி யார் இடுப்புக்கும் சென்றதென்று நான் சொல்லவில்லை. நம் காலடிச் செம்மண்ணும் மூட்டின் பீங்கானும் ஒரே குலத்தவை என்று மட்டும் சொல்கிறேன்.

மாற்று மூட்டு எத்தனை ஆண்டு நிலைக்கும்? 2019இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வொன்று, ஆஸ்திரேலிய, பின்லாந்து நாட்டுப் பதிவேடுகளைக் கொண்டு, இடுப்பு மாற்று மூட்டுகளில் 100க்கு 89 பதினைந்து ஆண்டுகளும், 58 இருபத்தைந்து ஆண்டுகளும் நிலைக்கும் என்று மதிப்பிட்டது. இது அச்சமூட்டும் கணக்கன்று; நம்பிக்கை தரும் கணக்கு. ஆயினும் இக்கணக்கைச் சொல்ல முடிந்ததே, ஒவ்வொரு மூட்டையும் பெயர் குறித்துப் பின்தொடரும் வழக்கம் அந்நாடுகளில் இருப்பதால்தான். ஸ்வீடன் அப்படியொரு பதிவேட்டை 1979இலேயே தொடங்கிவிட்டது.

நாங்கள் பின்தொடரவில்லை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தந்த தாளில், ஆண்டுக்கொருமுறை வந்து படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. இரண்டாண்டுகள் சென்றோம். கொண்டை ஊசி வளைவுகளில் அம்மாவுக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். மூன்றாம் ஆண்டு, ‘ஒட்டினது ஒட்டினதுதானே, எதுக்குக் கண்ணு போயிக்கிட்டு’ என்றார். நானும் ஆமென்றேன். பசை என்று சொன்னவளே நான்தானே! ஒட்டியதை ஆண்டுதோறும் யார் போய்ப் பார்ப்பார்கள்?

2017 அளவில் அம்மா ஒன்று சொல்லத் தொடங்கினார்: ‘எழுந்திரிச்சதும் மொத நாலடி வலிக்குது, அப்புறம் சரியாப் போயிடுது.’ வயதின் வலி என்று எண்ணினோம். தளர்ந்த தண்டின் முதன்மையான அறிகுறிகளுள் ஒன்று அது என்பதைப் பின்னர் அறிந்தேன். பாரம் விழுந்ததும் தளர்ந்த தண்டு சற்றே இறங்கி ஓரிடத்தில் அமர்கிறது, அமரும்வரை வலிக்கிறது, பிறகு வலி அடங்குகிறது. வலி அடங்குவதுதான் ஏமாற்றுகிறது. தண்டு தளர்ந்தால் தொடையிலும், கிண்ணம் தளர்ந்தால் கவட்டிலும் பெரும்பாலும் வலி தோன்றும். சிலருக்கு எவ்வலியும் இல்லாமலே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். அதைப் படம் ஒன்றே காட்டும்.

2019இல் வலக்கால் குட்டையாகிவிட்டது; ஒரு பக்கத்துச் செருப்பு மட்டும் தேயத் தொடங்கியது. அப்போதுதான் படம் எடுத்தோம். சிமெண்டைச் சுற்றி ஒரு கருங்கோடு, தண்டு கீழிறங்கியிருந்தது, எலும்பின் சுவர் ஓரிடத்தில் தாள் போல் மெலிந்திருந்தது. ‘முந்தைய படங்கள் எங்கே?’ என்று மருத்துவர் கேட்டார். 2008ஆம் ஆண்டுப் படம் ஒன்றே இருந்தது. இடைப்பட்ட 11 ஆண்டுகளுக்கு எங்களிடம் விடையில்லை. தொடக்கத்திலேயே கண்டிருந்தால் மெலியாத எலும்பில் செய்திருக்கக்கூடிய மறுசிகிச்சையை, மெலிந்த எலும்பில் செய்ய வேண்டியதாயிற்று. பழைய சிமெண்டைத் துண்டு துண்டாகச் செதுக்கி எடுத்து, பிறர் கொடையாக அளித்த எலும்பை நொறுக்கி உட்புறம் கெட்டித்து, நீண்ட தண்டு ஒன்றை மீண்டும் சிமெண்ட் வைத்தே பொருத்தினார்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அதன்பின் மூன்று மாதங்கள் படுக்கையும் ஊன்றுகட்டையும்.

மயக்கம் தெளிந்த மறுநாள் அம்மா கேட்டார்: ‘ஒட்டுனது எப்படிக் கண்ணு கழண்டுச்சு?’

நண்பர்களே, தமிழில் முனைவர் பட்டம் பெற்ற நான், தமிழில் கேட்கப்பட்ட அவ்வினாவுக்கு விடை சொல்ல முடியாமல் நின்றேன்.

பின்னர் எண்ணிப் பார்த்தேன். நான் ‘சிமெண்ட்’ என்றே சொல்லியிருந்தால் அம்மாவுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் சிமெண்ட் விரிசல் விட்டபோது கொத்தனாரை அழைத்து வந்தவர் அவர்தான். சிமெண்ட் விரிசல் விடும், சிமெண்டை மழைக்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வாழ்வறிவு. நான் அந்த அறிவை அவரிடமிருந்து பறித்துக்கொண்டு, அதற்கு ஈடாக ஒரு தூய சொல்லைக் கொடுத்தேன். அத்தூய சொல்லோ பொய் சொன்னது.

இதனால் தமிழாக்கம் வேண்டா என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டா. தவறு தமிழில் இல்லை. பொருளின் இயக்கத்தை அறியாமல் சொல்லை எடுத்ததில் இருக்கிறது. சிமெண்டுக்குப் ‘பைஞ்சுதை’ என்ற நல்ல தமிழ்ச்சொல் வழக்கில் உள்ளது. அதிலுள்ள ‘சுதை’ நம் கோபுரச் சிற்பங்களின் சுதை. வெயிலிலும் மழையிலும் நின்று, குடமுழுக்குதோறும் சீர்பெறும் சுதை. ‘காரை’ எனலாமா என்றும் எண்ணினேன். நம் நாவில் அது கழுத்தோரக் ‘காறை’ எலும்போடு குழம்பிவிடும். ஆகவே எழுத்தில் ‘என்புச் சுதை’ என்று வழங்கலாம் என்பது என் கருத்து. படுக்கையில் இருக்கும் முதியவரிடம் பேசும்போது, தயங்காமல் ‘சிமெண்ட்’ என்றே சொல்லுங்கள். அவருக்கு அச்சொல்லின் விரிசலும் தெரியும்.

இன்னொரு சொல்லும் சிந்தனைக்குரியது. ‘கழன்றது’ என்பது முடிந்துபோன செயல். ‘தளர்வு’ என்பது நடந்துகொண்டிருக்கும் நிலை. அதற்குக் காலம் உண்டு, கவனிக்க வாய்ப்பு உண்டு. கழன்ற பிறகு மருத்துவரிடம் போவதற்கும், தளரும்போதே போவதற்கும் உள்ள வேறுபாடு, என் தாயாரின் எலும்பில் எழுதப்பட்டிருக்கிறது.

எழுந்ததும் தோன்றி, நடக்க நடக்க மறையும் அந்த வலிக்கு ஏற்ற தமிழ்ச்சொல் எங்கும் எனக்குக் கிட்டவில்லை. கலைச்சொல் ஆக்கும் பழக்கத்தில் ‘தொடக்கநடை வலி’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். பிறகு அடித்துவிட்டேன். அச்சொல்லை அம்மா 2017இலேயே தந்துவிட்டாரே! ‘நாலடி வலி.’ நாலடி என்றதும் நம் அவையினர்க்கு நாலடியார் நினைவுக்கு வந்து புன்னகை தோன்றுவதைக் காண்கிறேன். நன்று, அந்தப் புன்னகையோடு சேர்த்தே இதை நினைவில் வையுங்கள். உங்கள் வீட்டில் மாற்று மூட்டோடு நடக்கும் பெரியவர் எவரேனும் நாலடி வலி என்று சொன்னால், வயதின் மேல் பழி போடாதீர்கள். படம் எடுத்துப் பாருங்கள். வலியே இல்லாவிட்டாலும், மருத்துவர் குறித்த நாளில் சென்று பாருங்கள். பழைய படங்களை எறிந்துவிடாதீர்கள். ஒரு படம் நிலையைச் சொல்லும், இரண்டு படங்கள்தாம் மாற்றத்தைச் சொல்லும்.

புறநானூற்றில் முதுமையைப் பாடிய புலவர் ஒருவர், தாம் பாடிய ஊன்றுகோலாலேயே தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர் பெற்றார். அவருடைய இயற்பெயரைக் காலம் மறந்தது. கையில் பிடித்த தண்டை மறக்கவில்லை. என் தாயாரும் இன்று ஒரு தண்டு ஊன்றியே நடக்கிறார். முன்பு சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நடந்தே ஏறியவர், இப்போது வண்டியில் சென்று, கடைசிச் சிறு தொலைவை மட்டும் என் தோளைப் பற்றி நடக்கிறார். ஆண்டுக்கொருமுறை சேலத்துக்கு இறங்குகிறோம். வளைவுகளில் அவருக்கு இன்னும் தலை சுற்றத்தான் செய்கிறது. மடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்கிறார். ‘சிமெண்டைப் பாத்துட்டு வந்துடலாம் கண்ணு’ என்று இப்போது அவரே நாள் குறிக்கிறார்.

ஓர் இலக்கிய வட்டத்துக்கும் பத்தாண்டு என்பது படம் எடுத்துப் பார்க்க வேண்டிய ஆண்டுதான். இத்தனை நாள் நம்மைச் சேர்த்து வைத்தது எது, எங்கே தளர்ந்திருக்கிறோம் என்பதை இம்மலரைப் படிப்பவர்கள் அறிவார்கள். நான் கேட்பது ஒன்றே. மருத்துவமனையிலும் மருந்துக்கடையிலும் வீட்டுப் படுக்கையோரத்திலும் மக்களுக்குச் சொற்கள் வேண்டியிருக்கின்றன. பொருளைத் தொட்டுப் பார்த்தபின் சொல்லை எடுக்கும் பழக்கம் கவிஞர்களுக்கு உண்டு. அச்சொற்களில் சிலவற்றை நம் வட்டம் தரட்டும்.